இணைப்பு: பல் ஒன்று

காலையில் ஆபீசுக்குள் நுழைந்து மேஜையைத் துடைக்கப் போனால், அதன்மேல் யாரோ ஒரு குழந்தையின் பல் இருக்கும். சில நாள் தீப்பெட்டிக்குள் இருக்கும். சில நாள் நோட்டுத்தாள் மடிப்புக்குள் இருக்கும். ஒருநாள் பேனாத்தட்டில், பேனாவுக்குப் பக்கத்தில், தானும் ஓர் எழுதுபொருள் என்பதுபோல் படுத்திருந்தது. பாலக்காட்டு ஜில்லாவில் நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், "பையன் மலையேறுனதும் மாந்திரீகம் கத்துக்கிட்டானாட்ட இருக்குது" என்று பேசிக்கொள்வீர்கள். அப்படி ஒன்றுமில்லை. பீர்மேட்டில் ஒரு டீ பேக்டரியில் நான் இன்சூரன்ஸ் குமாஸ்தா. என் மேஜைக்குப் பல் வந்து சேர்ந்தால்தான் பல் டாக்டருக்குப் பணம் போய்ச் சேரும். மற்ற குமாஸ்தாக்களின் மேஜையில் காகிதம் குவிகிறது, என் மேஜையில் பல் குவிகிறது. உத்தியோகத்தில் வித்தியாசம் அவ்வளவுதான்.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பேக்டரியில் வேலை செய்கிறவர்களின் வாரச் சம்பளத்தில் சர்க்கார் இன்சூரன்சுக்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள். பதிலுக்கு அவர்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் இலவசம். பல் டாக்டருக்கு மட்டும் மாதச் சம்பளம் கிடையாது. ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று ரேட்டு. அந்த ரேட்டெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தில் இருக்கிறது. பெரியவர் பல்லைப் பிடுங்கினால் முழு ரேட்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால், பஸ்ஸில் அரை டிக்கெட் மாதிரி, அரை ரேட்டு. பெரியவர் பல்லில் ஓட்டை விழுந்தால் அதை அடைப்பதற்குத் தனி ரேட்டு உண்டு. குழந்தையின் பல்லை அடைப்பதற்கு ரேட்டே கிடையாது. எப்படியும் விழப்போகிற பல்லுக்கு எதற்கு வீண்செலவு என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குக் குழந்தை இருந்திருக்காது, இருந்திருந்தால் அதன் வாயை அவர் திறந்து பார்த்திருக்கமாட்டார். பிடுங்கியதற்கு அத்தாட்சி பிடுங்கிய பல்தான். அதைச் சின்ன உறையில் போட்டுப் படிவத்தோடு சேர்த்துத் தைத்து, கீழே 'இணைப்பு: பல் ஒன்று' என்று எழுதி, டவுனில் உள்ள மேலாபீசுக்கு அனுப்ப வேண்டும்.

பல் டாக்டர் பெயர் வர்க்கிச்சன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கீழேயிருந்து ஜீப்பில் வருவார். நல்ல மனிதர், கைராசிக்காரர், வாய் மட்டும் ஓயாது. அவருடைய நிரந்தரப் புகார் ஒன்றுண்டு: "சவிட்டு முழுவன், ரேட்டு பகுதி!" உதை முழுசு, கூலி பாதி என்று பொருள். அதில் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் வாயைத் திறந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். குழந்தைகள் கண்ணைத் திறந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த வாயைத் திறக்க வைப்பதற்கு டாக்டர் கோழிபோலக் கூவுவார், குரங்குபோல முகம் காட்டுவார், கடைசியில் வயிற்றில் ஓர் உதை வாங்கிக்கொண்டு பல்லோடு நிமிர்வார். கூவியதற்கு ரேட்டு இல்லை, குரங்குக்கும் இல்லை. கிடைக்கிற அரை ரேட்டில் பிடுங்குவதைத் தவிர வேறெதையும் செய்து கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னால், நான் நீலப் புத்தகத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

எனக்கும் பல்லுக்கும் முன்பின் சம்பந்தம் கிடையாது. நெல்லுக்கும் எனக்கும்கூடச் சம்பந்தம் இல்லை என்பதை என் அப்பா சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். ஒருமுறை வயலுக்கு மடை திருப்பிவிட என்னை அனுப்பினார். நான் திருப்பிவிட்ட தண்ணீர் ஒரு பகல் முழுக்கப் பக்கத்து வயலுக்குப் போனது. மறுநாள் அந்த வயல்காரர் வீடு தேடி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பரீட்சை எழுதுகிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். எழுதினேன், பீர்மேட்டுக்கு உத்தரவு வந்தது. "அதுவும் கேரளாதானுங்களே, பக்கமாத்தானிருக்கும்" என்று ஊரில் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். நல்லேப்பிள்ளியிலிருந்து பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் பஸ் மாறி மாறிப் போய், குமுளி மலையேறி, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சொந்த மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்கு அடுத்த மாநிலத்தைக் கடந்து போனவன் நான். கடல் தாண்டிப் போனவர்கள் கப்பலில் வாந்தி எடுத்ததாக எழுதுகிறார்கள். நான் குமுளி வளைவுகளிலேயே அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டேன்.

இங்கே எல்லாம் வேறு மாதிரி. நம்மூரில் வெயிலில் காய்வதற்கு மிளகாய்தான் வெளியே வரும், இங்கே மனிதர்கள் வருகிறார்கள். நம்மூரில் நின்ற இடத்திலிருந்து அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரியும், இங்கே மூடுபனி இறங்கினால் கையில் பிடித்திருக்கிற டீ டம்ளர் தெரிவதில்லை. பேக்டரியில் இருக்கிற தமிழர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே மலையேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்கள் பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ் என்று நம்பிக்கொண்டு முதல்நாள் படிவம் எழுத உட்கார்ந்தேன். முதல் ஆளாக வந்தவர் மரியபுஷ்பம். டீத்தூள் சலித்துத் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிற அம்மா.

"ஏனுங்க, உங்க பேரென்னுங்க? எந்த லைனுங்க?" என்று கேட்டேன். லைன் என்றால் தொழிலாளர்களின் வீட்டு வரிசை.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் பெரிய மனுஷர் யாராவது நிற்கிறாரோ என்று. யாரும் இல்லை.

"கிளார்க்கய்யா, என்னயக் கேலி பண்ணுதீகளா?"

"இல்லீங்களே."

"இந்தா, மறுபடியும் பண்ணுதீக!"

அந்த 'ங்க' நம் பக்கத்து மரியாதை என்று புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் பேக்டரி முழுவதும் 'ங்க' போட்டுப் பேசப் பழகிவிட்டது. டீ உலர்த்துகிற எந்திரத்தைக்கூட "ஏனுங்க, சூடா இருக்கீங்களா?" என்று கேட்டதாகக் கேள்வி. நானும் சிரித்தேன். சிரித்ததால்தான் தப்பித்தேன். ஊர்விட்டு வந்திருக்கிற மற்றவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே யோசனை இதுதான்: உங்களை வைத்துச் சிரிக்கிற கூட்டத்தில் நீங்களும் போய் நின்றுகொள்ளுங்கள், பார்வை நன்றாக இருக்கும்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல்லை அனுப்ப வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாது. நீலப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது, நான் முதல் பக்கத்தில் இருந்தேன். முதல் சனிக்கிழமை ஏழு குழந்தைகள் கையில் பஞ்சும் பல்லுமாக டாக்டர் அறையிலிருந்து அழுதுகொண்டு வந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. நம்மூரில் என்ன செய்வோம்? விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தால் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்போம். அவர்களிடமும் அதே வழக்கம்தானாம். "அட, அழுவாதீங்க கண்ணுகளா, இங்கயே எறிஞ்சு போடுங்க" என்று ஆபீஸ் தகரக் கூரையைக் காட்டினேன். ஏழு பல்லும் டிக், டிக் என்று ஏறின. அழுகை நின்றது, கைதட்டல் எழுந்தது. நான் வந்த முதல் மாதத்திலேயே பிரபலமாகிவிட்டேன். திங்கட்கிழமை படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அப்புறம் ஏணி வாங்கிவரப் போனேன்.

மழை பெய்து வழுக்குகிற தகரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்சூரன்ஸ் குமாஸ்தா நான்கு காலில் பல் தேடுவதை அன்றைக்கு டீ இடைவேளையில் பேக்டரி முழுவதும் வந்து நின்று பார்த்தது. "அந்த மூலையில மின்னுதய்யா!" "அது ஆணியில்லா!" என்று கீழேயிருந்து யோசனைகள் வந்தன. நான்கு பல் கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை, மழையோடு போயிருக்க வேண்டும். இறங்கி வந்து மேலாபீசுக்கு விளக்கம் எழுதினேன். அங்கேதான் சனி என் பேனாவில் ஏறி உட்கார்ந்தது. "மீதி மூன்று பற்கள் சமுதாய வழக்கப்படி ஆபீஸ் கூரையில் வைக்கப்பட்டுள்ளன. மேலதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து, ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடித்தேன். எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்துச் சிரித்தேன். மேலாபீசில் யாரும் சிரிக்கவில்லை. பத்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது: பல் சம்பந்தமான எந்தக் கோரிக்கையும், எக்காரணம் கொண்டும், பல் இணைக்கப்படாமல் இனி ஏற்கப்படமாட்டாது. என் ஒருவனுக்காக மாவட்டத்துக்கே விதி போட்டார்கள். அதை ஒரு பெருமையாகவே கோப்பில் வைத்துக்கொண்டேன்.

அது திரும்பி வந்து கடித்தது. ஜெயராணி மரியபுஷ்பத்தின் மகள், ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தாள். டாக்டர் கூவ வேண்டியிருக்கவில்லை, அவளே வாயைத் திறந்து, "பின்னால, கீழ, வலப்பக்கம்" என்று இடம் சொன்னாள். டாக்டர் பல் பிடுங்குகிற குறட்டை எடுத்துக்கொண்டு குனிந்தவர் நிமிர்ந்து, குறட்டை மறுபடி தட்டில் வைத்துவிட்டார்.

"இது பால்பல்லல்ல. ஆறு வயசில் வருன்ன அணப்பல்லா. இது போயால் பின்னே வரில்லா."

ஆறு வயதில் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல், பிடுங்கினால் அந்த இடம் ஆயுசுக்கும் காலி என்று அர்த்தம். ஓட்டை இப்போது சின்னது. அடைத்துவிட்டால் கிழவியாகும்வரை கடித்துத் தின்னலாம். விட்டுவைத்தால் ஒரு மாதத்தில் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. அடைக்க டாக்டர் தயார். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே அடைப்பதற்கு ரேட்டே கிடையாது. ஒன்றைச் சும்மா செய்தால் அடுத்த தடவை நாற்பது வாய் வரிசையில் நிற்கும், அடைக்கிற வெள்ளிப்பொடி தன் தோட்டத்தில் காய்ப்பதில்லை என்றார். நான் பெரிய மனசு பண்ணி, "நானே குடுத்துர்றனுங்க" என்றேன்.

மரியபுஷ்பம் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"ஒங்க காசு எதுக்குய்யா? வாரவாரம் எஞ் சம்பளத்துல பிடிக்காகல்லா? பிடிக்கையில அரை, முழுசுன்னு பாத்தா பிடிக்காக? பிடிச்சதுக்கு எம் புள்ள பல்ல அடைச்சுத் தரச் சொல்லுங்க. தருமத்துக்கு ஒண்ணும் வேண்டாம்."

நீலப் புத்தகத்தை எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒரு வரி அதில் இல்லை. டாக்டர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அடுத்த தடவை தான் வரும்போது மேலேயிருந்து அனுமதிக் காகிதம் இருந்தால் அடைப்பு, இல்லாவிட்டால் குறடு. அன்றைக்கே எழுதினேன். இந்தத் தடவை நகைச்சுவை எதுவும் சேர்க்காமல், கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு எழுதினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. விசேஷ அனுமதி பரிசீலிக்கப்படுமாம். ஆனால் சுற்றறிக்கைப்படி பல் இணைக்கப்படவில்லை. "பல்லை உடனே அனுப்பிவைக்கவும்."

இரண்டு முறை படித்தேன். பல்லைக் காப்பாற்ற அனுமதி வேண்டுமென்றால் பல்லைப் பிடுங்கி அனுப்ப வேண்டும். கீழே மேற்கோள் காட்டியிருந்த சுற்றறிக்கை எண் எனக்கு நன்றாகத் தெரிந்த எண். படித்துக் காட்டினதும் மரியபுஷ்பம், "இத எழுதினது மனுசன்தானா?" என்றார். யாரால் அப்படி எழுத வேண்டிவந்தது என்பதை நான் விழுங்கிக்கொண்டேன். டாக்டர் வர நாலு நாள்தான் இருந்தது. "பல்லைத்தானே கேக்கறாங்க, கொண்டு போயிருலாமுங்க. புள்ளையோட சேத்து" என்றேன்.

புதன்கிழமை மூவரும் ஸ்டேட் பஸ்ஸில் கீழே இறங்கினோம். கண்டக்டர் ஜெயராணியின் வயதைக் கேட்டபோது, "நான் அரை டிக்கெட்டு, எம் பல்லுதான் முழு டிக்கெட்டு" என்று அறிவித்தாள். பாதி மலை இறங்கும்போது எனக்கு மனசாட்சி உறுத்தியது. கூரைமேல் பல் எறிந்ததிலிருந்து சுற்றறிக்கைவரை எல்லாவற்றையும் மரியபுஷ்பத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னைக்குக் கூரமேல ஏறினது பல்லு இல்லய்யா, ஒங்க வாயி."

"ஆமாங்க."

"இன்னைக்காவது அத எறக்கி வச்சுக்கிட்டுப் பேசுங்க."

அது எமர்ஜென்சி சமயம். எல்லா ஆபீசிலும் பத்து மணிக்கே நாற்காலிகளில் ஆள் இருந்தார்கள், வந்துவிட்டோமே என்ன செய்வது என்ற முகத்தோடு. எங்களை விசாரித்த சூப்பிரண்டுக்கு நெற்றியில் சந்தனம், மேஜையில் வெள்ளிக் கூஜா, காகிதத்தைக் கையில் எடுக்குமுன் விரலை ஒருமுறை பார்த்துக்கொள்கிற சுத்தம். நான் எழுதிக்கொண்டு போயிருந்த கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்: "'தங்கள் உத்தரவுப்படி பல் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. சேதமாகிவிடாமலிருக்கப் பல்லின் சொந்தக்காரரும் உடன் இணைக்கப்பட்டுள்ளார்.'" மரியபுஷ்பம் என் முழங்கையை இடித்தார். வாயை இறக்கிவைத்துவிட்டு வந்தாலும் பேனா சட்டைப்பையிலேயே இருக்கிறதே, என்ன செய்ய?

"பல்லை அயக்கச் சொன்னா பொண்ணை அழைச்சுண்டு வந்திருக்கேளே!" என்றார் அவர். அயக்க என்றால் அனுப்ப.

அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழ்! இத்தனை மலை, இத்தனை மூடுபனி தாண்டி நம் பாலக்காட்டு மனிதர்! காரியம் முடிந்தது என்றே நினைத்தேன். "சார், நானும் பாலக்காடுதானுங்க! நல்லேப்பிள்ளிங்க!"

"வாயைத் தொறந்தப்போவே தெரிஞ்சுது, அந்த 'ங்க' ஒண்ணு போறுமே. ரெண்டு பேரும் ஒரே ஜில்லாவாக்கும். அதனால?"

"அதனால... ஒண்ணுமில்லீங்க."

"ஜில்லா வேறயாக்கும், ரூல் வேறயாக்கும்."

மரியபுஷ்பம் என் காதுக்குள், "இவுக ஒங்க ஊராய்யா? ஒங்க பேச்சு மாதிரியே இல்லயே?" என்றார். எங்கள் ஒரே ஜில்லாவுக்குள் எத்தனை தமிழ் இருக்கிறது என்று அந்த இடத்தில் விளக்க முடியவில்லை. ஊரில் இருக்கும்போது கல்பாத்திக்காரர்களும் நாங்களும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இருநூறு மைல் தள்ளி வந்து ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும்போது மட்டும் சொந்தம் கொண்டாட நான் கிளம்பினால் அவர் என்ன செய்வார்? அவர் ஜெயராணியின் பக்கம் திரும்பினார்.

"வயசெத்தனை?"

"ஒம்பது சார்."

"அப்போ அது பால்பல்லாக்கும். விழுந்துடும். விழறதுக்கு அடைப்பெதுக்கு?"

ஜெயராணி ஆவென்று வாயைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, விரல் வைத்தபடியே பாடம் நடத்தினாள். "இந்தா, முன்னால உள்ள நாலும் விழுந்து முளைச்சது சார். இந்தப் பின்பல்லு விழவே இல்ல. இது எதுக்குப் பதிலாவும் வரல. அங்க முந்தி ஒண்ணுமே கிடையாது. சும்மா கெடந்த எடத்துல தானா வந்து முளைச்சுது."

"நாங்க மலைக்கு வந்த மாதிரி சார்" என்றார் மரியபுஷ்பம். "போனா அம்புட்டுத்தான். வேற வராது."

சூப்பிரண்டின் வலது கன்னம் மெல்ல உள்ளிருந்து உப்பியது. நாக்கால் தன் கடைவாய்ப் பல்லைத் தேடுகிறார். பக்கத்து மேஜைக்காரரின் கன்னமும் உப்பியது. அதற்கடுத்த மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார், அவர் கன்னமும் அசைந்தது. நாற்பது வருஷமாகச் சோறு அரைத்துக் கொடுத்த பல் எப்போது வந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்று அத்தனை பேரும் முதல்முறையாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தேடினேன். என் வலதுபக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. சின்ன வயதில் ஊர்ச் சந்தையில் வலி பொறுக்காமல் பிடுங்கியது. அதையும் கூரைமேல்தான் எறிந்தேன், இதோ முளைக்கும் அதோ முளைக்கும் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன்.

"வாஸ்தவமாக்கும்" என்றார் சூப்பிரண்டு கடைசியில். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார். "அனுமதி கொடுக்கலாம். பைலில் பல் வேணுமே? சுற்றறிக்கை இருக்கே? நாளைக்கு ஆடிட்காரன் வந்து இணைப்பு எங்கேன்னா, நான் இந்தக் கொழந்தையையா தேடிண்டு போறது?"

அவர் சொன்னதும் சரிதான். அந்த விதியைப் போடவைத்த புண்ணியவான் அவர் எதிரிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது மூலையில் தபால் முத்திரை குத்திக்கொண்டிருந்த பியூன் குட்டப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரே, கார்பண் வச்சு கடிப்பிச்சாலோ?" என்றார்.

இந்தியா முழுவதிலும் உள்ள ஆபீசுகளில் கார்பன் தாள் எத்தனையோ உபகாரங்கள் செய்திருக்கிறது. ஒரு பல்லைக் காப்பாற்றியது அன்றைக்குத்தானிருக்கும். வெள்ளைத்தாளின் மேல் கார்பனை வைத்து மடித்துக் கொடுத்தார்கள். ஜெயராணி முதல் கடியில் தாளைத் துண்டாகவே கடித்துவிட்டாள். பல் பலமாகத்தான் இருக்கிறது, அடைப்பு எதற்கு என்று பக்கத்து மேஜைக்காரர் சந்தேகம் கிளப்பினார். இரண்டாவது தடவை பதமாகக் கடித்தாள். தாளில் நீலமாக ஒரு வளைவு, நடுவில் இடைவெளி விட்டு, எறும்பு வரிசைபோல் விழுந்தது. ஆபீஸ் காப்பிக்காக இன்னொரு தடவை. சூப்பிரண்டு கடைசிப் பல்லின் தடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தி, பைலில் தைக்கச் சொன்னார். அனுமதிக் காகிதத்தை என்னிடம் நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "பன்னெண்டு வயசுக்குக் கீழே அரை ரேட்டுதான். அதை மாத்தறதுக்கு எனக்கு அதிகாரமில்லையாக்கும்" என்றார். பிறகு இன்னும் தாழ்த்தி, "நல்லேப்பிள்ளிக்கு எப்போ போறேள்?" என்று கேட்டார். "சனிக்கிழமைங்க" என்றேன். "போகணும். நான் போய் ரெண்டு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். நீல உதட்டோடு ஜெயராணி அந்த ஆபீசை விட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள், அது வீறிட்டு அழுதது.

சனிக்கிழமை நான் ஊருக்குப் போவதாக இருந்தது நிஜம். கொழிஞ்சாம்பாறையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே சட்டையில் மடிப்புக் கலையாமல் போய் உட்கார வேண்டும். பத்தரை மணிக்குக் குமுளி பஸ்ஸைப் பிடித்தால்தான் பொள்ளாச்சிக்கு நேரத்தில் போய்ச்சேர முடியும். காகிதத்தை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று, ஊருக்கென்று வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் காகிதத்தைப் படித்தார்.

"பகுதி ரேட்டோ? அப்போள் பகுதி ஓட்ட அடச்சால் மதியோ?" பாதி ஓட்டையை அடைத்தால் போதுமா என்கிறார்.

"பிடிப்பு முழுசாப் பிடிக்காக டாக்டரய்யா, ஓட்டையும் முழுசா அடைங்க" என்றார் மரியபுஷ்பம்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஜீப்பிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கச் சொன்னார். பெரியவர்கள் வலி முற்றிப் பிடுங்கிக்கொள்ளத்தான் வருவார்கள், குழந்தைகளுக்கு அடைப்பே கிடையாது, அதனால் அதுவரை அந்தப் பெட்டி மலைக்கு வந்ததே இல்லை. உள்ளே பல்லைக் குடைகிற எந்திரம். தையல் மெஷின்போலக் கீழே ஒரு மிதி, மேலே சக்கரம், சக்கரத்திலிருந்து கயிறு, கயிற்றின் முனையில் சுழல்கிற ஊசி. காலால் மிதித்தால் ஊசி சுற்றும். அவருடைய கிளினிக்கில் வழக்கமாக மிதிக்கிற கம்பவுண்டர் அன்று வரவில்லை. டாக்டருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மரியபுஷ்பம் மகளின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அறையில் மிச்சமிருந்தவன் நான். சுவர்க் கடிகாரத்தில் பத்து அடித்திருந்தது.

அந்தப் பல் பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெயராணி இப்போது அதில் கரும்பு கடிக்கிறாள், வகுப்பில் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து வெள்ளியைக் காட்டுகிறாள். அவளுக்குப் பிறகு பதினோரு குழந்தைகள் கார்பனைக் கடித்துவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறைப் பெண்ணும் நன்றாகவே இருக்கிறாள். உடுமலைப்பேட்டையில் வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், கைக்குழந்தைக்கு இப்போது பல் முளைக்கிற சமயம் என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள், என்மேல் கோபமில்லை என்பதற்கு அடையாளமாகக் கோபத்தோடு.

அன்றைக்கு வலதுகாலை மிதியில் வைத்து மிதிக்க ஆரம்பித்தேன். ஊசி 'ஙொய்' என்று எழுந்தது. "வேகம், வேகம்!" என்றார் டாக்டர். "மெதுவாய்யா, புள்ள துடிக்கா!" என்றார் மரியபுஷ்பம். "ரெண்டு பேரும் ஒண்ணு பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். ஜெயராணி ஆவென்று திறந்த வாயோடு ஓரக்கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே குமுளி பஸ் வந்து நின்றது. ஹாரன் இரண்டு தடவை கேட்டது. என்னைத் தெரிந்த கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "கிளார்க்கே, வருன்னுண்டோ?" என்று கூப்பிட்டார். "நிர்த்தல்லே! நிர்த்தல்லே!" என்றார் டாக்டர், நிறுத்திவிடாதே என்று. நான் நிறுத்தவில்லை. மணி அடித்தது, பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. வலதுகால் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. இடதுகால் மட்டும், புதுச் செருப்போடு, விரல்கள் வாசல் பக்கம் திரும்பியபடி, பஸ் வளைவில் மறையும்வரை கிளம்பத் தயாராகவே நின்றது.